ஆன்லைன் கடை திறக்கும் முன்: சட்ட வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது?

இன்ஸ்டாகிராமில் நாலு படம் போட்டு ஆர்டர் வர ஆரம்பித்ததும், பலர் முதலில் ஓடுவது லோகோவுக்கும் வெப்சைட்டுக்கும்தான். லேபிள், வரி, ரீஃபண்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். பிறகு உரிம எண் கைக்கு வரும்போது, அது இல்லாமல் அச்சடித்த லேபிள் கட்டு கட்டாகக் குப்பைக்குப் போகிறது. இந்த வேலைகளில் தனித்தனியாக எதுவும் கடினமில்லை. வரிசை தப்பினால்தான் காசும் நாளும் வீணாகும்.

இந்தியாவில் ஆன்லைன் விற்பனைக்கென்று தனியாக ஒரே சட்டம் கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அதன்கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், எடையளவுச் சட்டம், ஜிஎஸ்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று பல சட்டங்கள் சேர்ந்து இதை ஆள்கின்றன. பெரும்பாலும் தெருக்கடைக்கு எழுதியதையே திரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். கடைக்கு வருபவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவார், திரையில் அது முடியாது. ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பது, பணம் கட்டும் முன்பே திரையில் தெரிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் விதிகளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் வீட்டிலோ சிறு பட்டறையிலோ தயாரித்து, சொந்த வெப்சைட்டிலும் பெரிய மார்க்கெட்பிளேஸிலும் (பல விற்பனையாளர்கள் சேர்ந்து விற்கும் பொதுத் தளம்) விற்க நினைப்பவருக்கான வரிசை. 200 கிராம் பருப்புப் பொடி பாக்கெட் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முன்கூட்டியே கையில் வேண்டியவை

பான், ஆதார், தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, தொழில் நடக்கும் இடத்தின் இபி பில் அல்லது சொத்துவரி ரசீது. வாடகை இடம் என்றால் ஒப்பந்தமும், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும். பெற்றோர் வீட்டிலிருந்து நடத்தினாலும் அந்தச் சம்மதக் கடிதம் வேண்டும்.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், வங்கி பாஸ்புக்கில் பின்னால் இருக்கும். ஜிஎஸ்டி, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்), மார்க்கெட்பிளேஸ் எல்லாம் பான் பெயரை வைத்துத்தான் சரிபார்க்கும். எனவே எந்த விண்ணப்பமும் போடும் முன் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த பிறகு திருத்தப் போனால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டியிருக்கும்.

1. உங்கள் பொருளை ஆன்லைனில் விற்கலாமா என்று முதலில் பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே தடை இருந்தால் மற்ற எந்த வேலையும் பயன்படாது.

பட்டாசு இதற்கு நேரடி உதாரணம். மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. சிவகாசியில் முறையான உரிமத்தோடு கடை வைத்திருப்பவருக்கும், அந்த உரிமம் வெப்சைட்டுக்கு நீளாது.

வீட்டில் செய்யும் சோப்பு, ஹேர் ஆயில், ஃபேஸ் பேக் செய்பவர்கள்தான் இந்தப் படியில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். இவை சட்டப்படி காஸ்மெட்டிக். 2020-இன் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும். ‘ஹோம்மேட்’, ‘ஆர்கானிக்’ என்று லேபிளில் எழுதினால் உரிமம் தேவையில்லை என்று ஆகிவிடாது. சிலர் உத்யம் பதிவைக் காட்டி ‘அதுதான் இருக்கிறதே’ என்கிறார்கள். உத்யம் என்பது சிறுதொழில் என்ற அடையாளம் மட்டும்தான், அது தயாரிப்பு உரிமம் ஆகாது.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச்சான்று கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர் தயாரித்து விற்பவற்றுக்கு விலக்கு இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும், பதிவுபெற்ற பயனாளர் தயாரித்தால், விலக்கு உண்டு. தஞ்சாவூர்ப் பொம்மையை வாங்கி விற்பவர், தயாரிப்பவரிடம் அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பிராண்ட் பெயரைச் சோதியுங்கள்

இது சிறிய வேலைதான். டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் உங்கள் பெயரையும், ஒலிப்பில் நெருங்கிய பெயர்களையும் உங்கள் பொருள் வகுப்பில் தேடிப் பாருங்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்வதானால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500. வேறொருவர் பதிந்த பெயரை வைத்துவிட்டால் மார்க்கெட்பிளேஸ் ஒரு புகாரிலேயே பக்கத்தை இறக்கிவிடும். லேபிளுக்கு முன்பே இதை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

3. பொருளுக்குரிய பதிவுகளை வாங்குங்கள்

உணவுப்பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்க முடியாது. பதிவு போதுமா, மாநில உரிமம் வேண்டுமா, மத்திய உரிமம் வேண்டுமா என்பதை விற்றுமுதலும் தொழில் வகையும் சேர்ந்து முடிவுசெய்யும். விண்ணப்பத்தில் தயாரிப்பு என்று மட்டும் குறித்துவிட்டு, இணைய விற்பனை என்ற வகையை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. நீங்கள் செய்யப்போகும் வேலை எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளுக்கும் வேண்டும், பொருள் பக்கத்துக்கும் வேண்டும்.

இரண்டாவது பதிவு பலருக்குத் தெரிவதே இல்லை. பொருளை முன்கூட்டியே அடைத்து விற்கும் ஒவ்வொருவரும், எடையளவுச் சட்டத்தின்கீழ் வந்த பாக்கெட் பொருள் விதிகள் 2011-இன் 27-வது விதிப்படி, பேக்கிங் தொடங்கிய 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். கட்டணம் ரூ. 500. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ‘எடைபோடும் மெஷினுக்கு முத்திரை வாங்கிவிட்டேன், அது போதாதா?’ என்று கேட்பார்கள். போதாது. தராசு முத்திரையும் பேக் செய்பவருக்கான பதிவும் வேறு வேறு.

4. ஜிஎஸ்டி: எங்கே அனுப்புகிறீர்கள் என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்

‘40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம்’ என்று யாரோ சொன்னதை நம்பித் தொடங்குபவர்கள்தான் அதிகம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் என்ற வரம்பு உண்மைதான். ஆனால் அது மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். அரசு பட்டியலிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு.

ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பார்சல் மாநிலத்துக்குள் இருக்கிறது. அதே ஓசூரிலிருந்து பக்கத்தில் உள்ள பெங்களூருக்குப் போகும் பார்சல் எல்லை தாண்டிவிடுகிறது. தூரத்தை ஜிஎஸ்டி கணக்கில் எடுப்பதில்லை. டெலிவரி எந்த மாநிலத்தில் முடிகிறது என்பதுதான் கேள்வி.

‘வெப்சைட்டில் தமிழ்நாட்டுப் பின்கோடுகளை மட்டும் அனுமதித்தால் போயிற்று’ என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து வடிகட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். 605 என்று தொடங்கும் பின்கோடு புதுச்சேரியிலும் இருக்கிறது, விழுப்புரம் பக்கமும் இருக்கிறது. காரைக்கால் 609-இல் வருகிறது. ஜிஎஸ்டியில் புதுச்சேரி தனி. அங்கே போகும் ஒரு பார்சலும் வெளி விற்பனைதான். முழுப் பின்கோடு பட்டியலை வைத்து வடிகட்டுங்கள், செக்அவுட்டில் மாநிலத்தையும் கேட்டு வாங்குங்கள்.

மார்க்கெட்பிளேஸ் வழியாக விற்பவருக்கு முன்பு விற்றுமுதல் எவ்வளவு என்று பாராமல் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். பொருள் மட்டும், ஒரே மாநிலத்துக்குள், வரம்புக்குக் கீழே விற்பவர் ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்துச் சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று உடைந்தாலும் முழுப் பதிவுக்குப் போக வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவருக்கும் அதே நாள் முதல் மாநிலத்துக்குள் மார்க்கெட்பிளேஸ் விற்பனை திறந்துவிடப்பட்டது. வெளிமாநிலம் அவர்களுக்குக் கூடவே கூடாது.

என் கருத்து: இந்தியா முழுக்க விற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதலிலேயே முழுப் பதிவு வாங்கிவிடுங்கள். பாதியில் மாறினால் லேபிள் தவிர பில், விலைக் கணக்கு, மார்க்கெட்பிளேஸ் கணக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

5. இப்போதுதான் லேபிள் அச்சடிக்க வேண்டும்

மேலே உள்ள படிகளில் கிடைத்த எண்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. நம் 200 கிராம் பருப்புப் பொடி பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம்.

பொருளின் பொதுப்பெயர் ‘பருப்புப் பொடி’ என்று தெளிவாக இருக்க வேண்டும். பிராண்ட் பெயர் மட்டும் போதாது. தயாரிப்பவர் அல்லது பேக் செய்பவரின் பெயர், முழு முகவரி. நிகர எடை 200 கிராம், அதாவது கவர் எடை சேராமல். சேர்மானங்கள், பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சைவத்துக்கான பச்சைக் குறி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண். புகாருக்குத் தொடர்புகொள்ள ஒரு பெயர், முகவரி, போன், மின்னஞ்சல். வெறும் வாட்ஸ்அப் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்.

எம்ஆர்பி ரூ. 120, எல்லா வரிகளும் உட்பட. அதன் பக்கத்தில் அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்குக் கிராம் கணக்கில் சொல்ல வேண்டும்: 120-ஐ 200-ஆல் வகுத்தால் கிராமுக்கு ரூ. 0.60. பழைய மாதிரி லேபிளைப் பார்த்து டிசைன் செய்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

எம்ஆர்பியில்தான் ஆன்லைன் விற்பனையாளர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். லேபிளில் 120 இருக்கும். வெப்சைட்டில் கூரியர் செலவையும் சேர்த்து ‘ரூ. 175, டெலிவரி இலவசம்’ என்று போட்டிருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் இது எம்ஆர்பிக்கு மேல் விற்பது. டெலிவரியைத் தனிக் கட்டணமாகக் காட்டினால் பிரச்சினை இல்லை. இலவச டெலிவரி என்றுதான் விளம்பரம் செய்யப்போகிறீர்கள் என்றால், அச்சிடும் முன்பே எம்ஆர்பியை அதற்கேற்ப வைத்துவிட்டு, நேரில் வாங்குபவருக்குக் குறைத்துக் கொடுங்கள். ஒரே பாக்கெட்டைக் கடைக்கு ஒரு எம்ஆர்பி, ஆன்லைனுக்கு ஒரு எம்ஆர்பி என்று இரண்டு விதமாக அச்சிட்டு வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

6. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்

பாக்கெட் பொருள் விதிகளின் 6(10)-வது பிரிவு 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. லேபிளில் கட்டாயமாக உள்ள விவரங்களைத் தயாரித்த மாதம், ஆண்டு தவிர மற்றதையெல்லாம் பொருள் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்கிறது அது. மாதத்துக்கு விலக்கு கொடுத்ததன் காரணம் எளிது: ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அது மாறும். ஆனால் காலாவதி உள்ள பொருளுக்கு அந்த விவரத்தைக் காட்டச் சொல்லி மின்வணிக விதிகள் தனியாகக் கேட்கின்றன. அதை விட்டுவிடாதீர்கள்.

பின்பக்கப் படத்தை ஏற்றினால் போதாதா என்று கேட்பார்கள். ஏற்றுங்கள், ஆனால் எழுத்திலும் போடுங்கள். ஏற்றிய படம் செல்போனில் மங்கலாகத் தெரிந்தால், காட்டியதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். மார்க்கெட்பிளேஸ் படிவத்தில் இந்தக் கட்டம் தானாகவே ‘இந்தியா’ என்று நிரம்பி நிற்கும். இறக்குமதிப் பொருளை வாங்கி விற்பவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தவறான விவரத்துக்குப் பொறுப்பு விற்பவருடையது. இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயரும் விவரமும் சேர்த்துப் போடுங்கள்.

வெப்சைட்டின் அடியில் சட்டப்படியான பெயர், முழு முகவரி, கிளைகள் இருந்தால் அவற்றின் முகவரி, போன், மின்னஞ்சல், குறைதீர் அலுவலரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். ஒருவரே நடத்தும் கடையென்றால் குறைதீர் அலுவலரும் நீங்களேதான். தயங்காமல் உங்கள் பெயரைப் போடுங்கள்.

நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திர ரிவ்யூ போடவைப்பது வேண்டவே வேண்டாம். வாங்கியவர்போல் விற்பவரே ரிவ்யூ எழுதுவதை 2020 விதிகள் நேரடியாகத் தடுக்கின்றன.

7. செக்அவுட்டை வாங்குபவராக உட்கார்ந்து சோதியுங்கள்

வெப்சைட் டெம்ப்ளேட்டில் தயாராக வரும் பல வசதிகள் இந்தியச் சட்டத்தைப் பார்த்துச் செய்தவை அல்ல. அதனால் ஒரு ஆர்டரை முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

பொருள் பக்கத்தில் 120 பார்த்து உள்ளே போனவருக்கு, பணம் கட்டும் கடைசித் திரையில் டெலிவரி 60, பேக்கிங் 15, மொத்தம் 195 என்று வந்தால், அதற்குச் சொட்டு விலை முறை என்று பெயர். 2023 நவம்பர் 30-இல் வந்த ஏமாற்று வடிவமைப்பு வழிகாட்டுதல்கள் தடுத்த 13 வகைகளில் அதுவும் ஒன்று. மொத்த விலை ஒரே தொகையாகவும், அதன் உடைப்பு தனியாகவும் தெரிய வேண்டும். பொருள் பக்கத்திலேயே டெலிவரிக் கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள்.

‘இன்னும் 2 மட்டுமே மீதம்’, ‘17 பேர் இப்போது பார்க்கிறார்கள்’ என்று டெம்ப்ளேட் தானாகக் காட்டும். உண்மையான ஸ்டாக் கணக்கோடு இணைக்காமல் ஓடினால் அது பொய்யான அவசரம், அதுவும் பட்டியலில் இருக்கிறது. நிறுத்திவிடுங்கள்.

டிக் செய்து வைத்த கட்டங்கள் எதுவும் இருக்கக் கூடாது. ஒப்புதலை வாங்குபவரே கைப்பட டிக் செய்துதான் தர வேண்டும். கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பதும் தடைதான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவுப்படி, மின்னணு முறையில் உருவாகும் ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாது என்று சொல்ல முடியாது. ஆர்டர் போட்ட நாளில் உங்கள் தளத்தில் என்ன நிபந்தனை இருந்ததோ, அதுதான் பேச்சு. நிபந்தனைகளை மாற்றும்போதெல்லாம் பழைய பிரதியைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

8. ரிட்டர்ன், ரீஃபண்ட் விதியை எழுதுங்கள்

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைப் பில் புத்தகத்திலிருந்து அப்படியே வெப்சைட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, போலியாக இருந்தாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப வாங்க மறுக்க முடியாது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை 2019 சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அதே பட்டியலில் இருக்கிறது.

‘அன்பாக்சிங் வீடியோ இல்லையென்றால் ரீஃபண்ட் இல்லை’ என்ற நிபந்தனை இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. வீடியோ கேட்கலாம், அது சான்றாக உதவும். ஆனால் அது இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழுதான பொருளை மறுக்க இந்தச் சட்டம் உங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. உங்கள் பக்கச் சான்றுக்கு, பேக் செய்யும் மேசையில் நீங்களே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது மேல்.

திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது, எத்தனை நாளில் பணம் வரும் என்பதை எழுதுங்கள். வாங்கியவர் ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பீர்கள் என்றால், நீங்கள் ரத்து செய்யும்போதும் அதே மாதிரிக் கட்டணத்தை நீங்கள் ஏற்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. புகாருக்கு ஒரு வரிசை எண் கொடுத்தால் இந்தக் கணக்கு தவறாது.

9. பேமென்ட் கேட்வேயும் வாடிக்கையாளர் விவரங்களும்

கேட்வேயைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அவர்கள் உங்கள் தளத்தைத் திறந்து பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். தொடர்பு முகவரி, ரீஃபண்ட், டெலிவரி, தனியுரிமைப் பக்கங்கள் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும். 6, 8-ஆம் படிகளை முடித்தவருக்கு இது சுலபம்.

கார்டு எண்ணை நீங்கள் சேமிக்கவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்களுக்கு அது தடை. ரீஃபண்ட் பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். வாங்கியவர் ஒப்புக்கொண்டால்தான் கூப்பனாகக் கொடுக்கலாம்.

முகவரி, போன் எண் போன்ற விவரங்களுக்கு 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இப்போதே செய்ய வேண்டியது: டெலிவரிக்கு வாங்கிய எண்ணை, கேட்காமல் விளம்பர வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள்.

10. விற்பனை தொடங்கிய பிறகு மாதா மாதம்

மார்க்கெட்பிளேஸ் உங்களுக்குப் பணம் அனுப்பும்போது ஜிஎஸ்டியில் 0.5 சதவீதமும் (2024 ஜூலை 10 முதல்), வருமான வரியில் 0.1 சதவீதமும் (2024 அக்டோபர் 1 முதல்) பிடிக்கும். பான் கொடுத்த தனிநபரின் விற்பனை ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் என்றால் வருமான வரிப் பிடித்தம் இருக்காது. ஜிஎஸ்டியில் பிடித்தது தானாக உங்கள் கணக்கில் வந்து சேராது. ஜிஎஸ்டி தளத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் வரவுப் பக்கத்துக்குப் போய் ஏற்றுக்கொண்டால்தான் ரொக்க லெட்ஜருக்கு வரும். ஆண்டுக்கணக்கில் இதைத் திறந்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் நாள்கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். திரும்பி வந்த ஒவ்வொரு பொருளுக்கும் கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போடுங்கள், இல்லாவிட்டால் விற்காத பொருளுக்கு வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் ஊரைப் பார்த்து அலட்சியம் செய்யாதீர்கள். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. மதுரையில் இருந்து அனுப்பிய 120 ரூபாய் பாக்கெட்டுக்குக் குவாஹாட்டியில் வழக்கு வரலாம். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி, ஆர்டர் விவரம், பேக்கிங் போட்டோ, அன்றைய நிபந்தனைப் பிரதி, புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து அன்றைக்கே வழக்கறிஞரிடம் கொடுங்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள்தான், அதற்கு மேல் ஆணையம் நீட்டிக்கொடுக்கக்கூடியது 15 நாள்தான்.